இரண்டு நாளும் மூன்று திடலும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்வியின் மேன்மையைப் பற்றியோ நேரத்தின் அருமையைப் பற்றியோ எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். அவற்றை எழுதுவது எளிது, மறுப்பாரும் இலர். ஆயினும், இவ்வாண்டு ஒரு சனி ஞாயிறுகளில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாங்கள் மூன்று இடங்களுக்குச் சென்று வந்ததைப் பற்றிப் பெற்றோரிடையே இன்றும் இருவேறு கருத்துகள் உலவுகின்றன. கோயில் வாசலிலும் கடையடியிலும் பேசப்படுவதை மலரிலேயே பேசிவிடுவது நலம் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

முதற்கண் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஜொகூர் மாநிலத்தில் 2014 ஜனவரி முதல் நாளிலிருந்து வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. பள்ளியும் அரசு அலுவலகமும் ஞாயிறன்று இயங்கின. தனியார் நிறுவனங்களிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்த பெற்றோருக்கோ ஞாயிறே ஓய்வு நாள். தந்தை வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளை பள்ளியில். பிள்ளை வீட்டில் இருக்கும் வெள்ளியன்று தந்தை வேலையில். இவ்வாறே பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 2025 ஜனவரி முதல் நாளில் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பி வந்தது. முதலாம் ஆண்டில் சேர்ந்து ஆறாம் ஆண்டு முடித்துச் சென்ற எத்தனையோ மாணவர்கள், பள்ளி நாட்களில் ஒரு ஞாயிற்றைக்கூடத் தந்தையோடு முழுமையாகக் கழித்ததில்லை. திரும்பி வந்த ஞாயிற்றை நாம் என்ன செய்தோம்? உண்மையைச் சொன்னால், தந்தையார் உறங்குகின்றார். அன்னையார் வாரத்துத் துணிகளைத் துவைக்கின்றார். பிள்ளை கைப்பேசியோடு சுவரோரம் அமர்ந்திருக்கின்றது. உழைத்துக் களைத்தவர் உறங்குவதை நாங்கள் குறைகூற மாட்டோம். வேலைக்காட்டில் செம்பனைக் குலை வெட்டுவது எத்தகைய உழைப்பு என்பதை அறியாதவர் அல்லர் இம்மலரைப் படிப்போர். நாங்கள் சொல்ல வருவது சுவரோரம் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றியது.

பயணத் திட்டத்தை அறிவித்தபோது அன்னையார் ஒருவர் எங்களிடம் நேரில் வந்து, "டீச்சர், பந்து விளையாடுறதைப் பார்க்கவா 40 வெள்ளி? அதுக்கு ரெண்டு பயிற்சிப் புத்தகம் வாங்கலாமே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேருந்துக்கும் நுழைவுச் சீட்டுக்கும் உணவுக்குமாக அத்தொகை ஆயிற்று. தோட்டத்துக் குடும்பம் ஒன்றிற்கு 40 வெள்ளி என்பது சிறிய தொகையன்று. இரண்டு பிள்ளைகள் இருப்பின் 80 வெள்ளி. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பாதியைத் தாங்கியது. எஞ்சியதைத் தரவியலாதவருக்கு யாரும் அறியாதவாறு வேறொருவர் தந்தார். அவர் பெயரை எழுதக்கூடாதென்று கேட்டுக்கொண்டார்; எழுதவில்லை. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பின்னரும் "தேர்வு இருக்கின்றதே" என்று சொல்லிப் பிள்ளையை வீட்டில் நிறுத்தியவரும் உண்டு. அதைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை மாலை இஸ்கண்டார் புத்ரியில் உள்ள சுல்தான் இப்ராஹிம் விளையாட்டரங்கத்திற்குச் சென்றோம். வாடகைப் பேருந்து நாற்பது நிமிடம் பிந்தி வந்ததையும், வழியில் இரு பிள்ளைகள் வாந்தியெடுத்ததையும் சொல்லிக் கதையை நீட்ட விரும்பவில்லை. குளுவாங் பக்கத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். 2020ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம். படியேறி மேலே வந்து, விளக்கொளியில் அப்பச்சைத் திடலை முதன்முதலாகக் கண்டபோது, பேருந்தில் ஓயாது கூச்சலிட்டு வந்த பிள்ளைகள் அனைவரும் வாயடைத்து நின்றனர். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் மெதுவாக, "நம்ம தோட்டத்து ஆளுங்க எல்லாரும் வந்தாலும் இந்த ஒரு மூலைதான் நிறையும்" என்றான். எண்ணிப் பார்த்தோம், அந்த மூலையும் நிறையாது.

அன்று ஆடியவர்கள் நம் மாநிலத்தின் ஜொகூர் டாருல் தாக்சிம் அணியினர். 2014 முதல் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து மலேசிய லீக் பட்டத்தை வென்று வரும் அணி அது; 2015ஆம் ஆண்டில் தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் அந்நாட்டு அணியை 1-0 எனத் தோற்கடித்து ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தை வென்று, தென்கிழக்காசியாவிலிருந்து அக்கிண்ணத்தைப் பெற்ற முதல் குழு என்னும் பெயரையும் பெற்றது. பாட்டன்மார்களுக்கு நினைவிருக்கும்: 1985இலும் 1991இலும் ஜொகூர் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது தோட்டத்து லயங்களில் எழுந்த ஆரவாரம். அன்றைய எதிரணியின் பெயரை எழுதித் தோற்றவர் மனத்தை நோகச் செய்ய வேண்டாம் என்று விட்டுவிடுகின்றோம்.

"தொலைக்காட்சியில் இதைவிட நன்றாகத் தெரியுமே" என்பார் உளர். முகம் நன்றாகத் தெரியும் என்பது மெய்தான். ஆயின் தொலைக்காட்சி பந்தைத் துரத்தும். பந்து இல்லாத இடத்தில் நடப்பதைக் காட்டாது. பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பொழுது நம் பக்கக் கோல் காவலர் என்ன செய்கின்றார்? முன்னும் பின்னும் நடக்கின்றார், கைதட்டுகின்றார், தற்காப்பு ஆட்டக்காரரை "இடப்பக்கம், இடப்பக்கம்" என்பது போலக் கைகாட்டி நகர்த்துகின்றார். தொண்ணூறு நிமிடத்தில் ஓர் ஆட்டக்காரர் பந்தைக் காலில் வைத்திருப்பது சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அவர் இடம் பார்த்து ஓடிக்கொண்டிருக்கின்றார். இதனை ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர் தாமாகவே கண்டு எங்களிடம் கூறினர். மறு வாரம் பள்ளியில் பந்தாடியபோது, முன்னர் தேனீக்கள் போல் பந்தைச் சுற்றி மொய்த்த பிள்ளைகள் முதன்முறையாகப் பிரிந்து நின்று ஆடினர். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைச் செய்திராது என்று அந்த அன்னையாருக்குப் பணிவோடு கூறிக்கொள்கின்றோம்.

இன்னொன்றும் நேர்ந்தது. ஆட்டம் தொடங்குமுன், அரங்கு நிறையாதிருந்த பொழுது, வீரர்கள் பயிற்சியில் ஈடுபட்டிருந்தனர். மாணவி ஒருத்தி, "டீச்சர், கால் பந்தில் பட்ட பிறகுதான் சத்தம் வருது" என்றாள். ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நாங்கள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து எதிர்க்கோல் ஏறத்தாழ 150 மீட்டர். ஆகவே அரை வினாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் கழித்தே ஓசை நம்மை அடையும். இடியும் மின்னலும் பற்றிப் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம். அன்றுதான் அது அவளுக்கு விளங்கிற்று. நல்லவை மட்டுமே கற்றனர் என்று சொல்வதற்கில்லை. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் நடுவரைப் பார்த்து உதிர்த்த சொற்களையும் பிள்ளைகள் ஐயமறக் கற்றுக்கொண்டனர். பேருந்தில் அவற்றை மறக்கச் செய்வதற்கு மிகவும் பாடுபட்டோம்.

திரும்பும் வழியில் அதே மாணவி கேட்ட கேள்வியொன்று எங்களை இன்றும் விடவில்லை. "பெண்கள் இப்படி விளையாட மாட்டாங்களா?" முப்பத்தெட்டுப் பிள்ளைகளுள் மாணவியர் பதினொருவரே. எங்கள் பள்ளியில் மாணவியரே மிகுதி. அப்படியிருக்க, வந்தவர் பதினொருவர் ஏன்? "பெண் பிள்ளை இரவில் வெளியே போவதா?" என்று பாட்டிமார் தடுத்தனர் என அறிந்தோம். அப்பாட்டிமாருக்கு ஒரு செய்தி. 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றவர் எம். ராஜாமணி. ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற முதல் மலேசியப் பெண்மணி அவரே. அவ்வாண்டுதான் நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. வீராங்கனை விருது ராஜாமணிக்கும், வீரர் விருது அதே போட்டியில் மூன்று தங்கம் வென்ற மருத்துவர் மணி ஜெகதீசனுக்கும் கிடைத்தன. இருவரும் தமிழர். பாட்டிமார் இளம் பெண்களாக இருந்த காலத்தில் நிகழ்ந்தது இது. அவர்கள் இதை அறியாமற்போனதற்கு அவர்கள் பொறுப்பல்லர். சொல்லாமல் விட்ட எங்களைப் போன்றோரே பொறுப்பு.

பேருந்தில் இருள் சூழ்ந்திருந்தது. பாதிப் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். எங்களோடு வந்த தந்தையார் ஒருவர், விழித்திருந்த பிள்ளைகளுக்கு ஆர். ஆறுமுகத்தின் கதையைச் சொன்னார். நீண்ட கைகளால் பந்தைப் பாய்ந்து பிடித்ததனால் "சிலந்தி மனிதர்" எனப் பெயர் பெற்ற தேசியக் கோல் காவலர். 1980 ஏப்ரல் 6ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. பின்னர், ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்துப் பல நாடுகள் புறக்கணித்தபோது நம் நாடும் செல்லவில்லை. ஆறுமுகம் ஒலிம்பிக் திடலில் நின்றதே இல்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். இக்கதையைச் சொன்னவர் அன்று சிறுவர். தம் தந்தையார் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு வாசலில் நின்றதையும், இரண்டாம் கோல் விழுந்தபோது அண்டை வீட்டுக்காரரைத் தூக்கிச் சுற்றியதையும் நினைவுகூர்ந்தார். தம் மகன் அக்கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான் என்றும் சொன்னார். ஒரே வீட்டில் பத்தாண்டு வாழ்ந்தும் சொல்லப்படாத கதை! அதற்குக் காற்பந்து ஆட்டம் ஒன்றும் இருண்ட பேருந்து ஒன்றும் வேண்டியிருந்தன.

ஞாயிறு காலை நாங்கள் நெடுந்தொலைவு செல்லவில்லை. அண்டைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவையொட்டி நடைபெற்ற சடுகுடுப் போட்டிக்குச் சென்றோம். நுழைவுச் சீட்டு இல்லை, இருக்கையும் இல்லை. நீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடிட்ட மண் திடல். எங்கள் கருத்தைக் கேட்டால், அவ்விரு நாட்களில் கண்டவற்றுள் இதுவே சிறந்தது என்போம். ஏனெனில் அங்கு ஆடியவர்களைப் பிள்ளைகள் அறிவார்கள். திங்கள் முதல் சனி வரை டிராக்டர் ஓட்டுபவர், உரமூட்டை சுமப்பவர், தோட்ட அலுவலகத்துக் கிராணி ஆகியோர் அரைக்காற்சட்டையோடு நின்று தொடையைத் தட்டுகின்றனர். எப்போதும் வாய்பேசாத மெலிந்த மனிதர் ஒருவர், எதிரணிக்குள் பாடிச் சென்று, நால்வர் சூழ்ந்து பிடித்தும் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டார். அவருடைய மகள் எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி. அவள் முகத்தை அப்போது நீங்கள் கண்டிருக்க வேண்டும். தந்தையை உழைப்பவராக, களைத்தவராக, சில வேளை சினப்பவராகக் கண்டிருந்த பிள்ளை, ஊரே எழுந்து கைதட்டும் ஒருவராக அன்று கண்டாள்.

சடுகுடு என்பது முரட்டு விளையாட்டு என்று எண்ணிச் சிலர் பிள்ளைகளை விலக்கி வைக்கின்றனர். கபடி என்னும் பெயரில் அது 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் போட்டி முதல் ஆசிய விளையாட்டில் இடம்பெற்று வருகின்றது. 2010ஆம் ஆண்டு குவாங்சோ போட்டி முதல் பெண்களுக்கும் உண்டு. அணிக்கு எழுவர், பாடிச் செல்பவருக்கு முப்பது வினாடி. காலணி வேண்டா, மட்டை வேண்டா, வலை வேண்டா. பணமில்லாத பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியிருந்தும் எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியில் சாக்கோட்டம் இருக்கின்றது, சடுகுடு இல்லை. இது எங்கள் குறை, ஒப்புக்கொள்கின்றோம்.

அன்று மாலை அண்டைக் கம்பத்தில் ஒரு திருமணம். ஜாவானிய மரபில் வந்த மலாய்க் குடும்பம் அது. பள்ளிக் காவலாளியின் உறவினர். பிள்ளைகளோடு வாருங்கள் என்று அன்போடு அழைத்திருந்தனர். அங்கு கூடா கெப்பாங் ஆட்டம் நடைபெற்றது. பின்னிய மூங்கிலால் தட்டையாகச் செய்து வண்ணந்தீட்டிய குதிரையைக் காலிடையே பிடித்துக்கொண்டு, கொங்கு ஒலிக்க, பறையொலிக்க, வரிசையாக இளைஞர்கள் ஆடினர். ஜாவாவிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த இக்கலை பத்து பகாட், மூவார், பொந்தியான் பகுதிகளில் இன்றும் உயிரோடிருக்கின்றது. பிள்ளைகளுள் ஒருவன், "பொய்க்கால் குதிரை!" என்று கூவினான். நல்ல கண். ஆயினும் வேறுபாடு உண்டு. நம் பொய்க்கால் குதிரை இடுப்பைச் சுற்றிக் கூடு போல் அமைந்தது. ஆடுபவர் மரக்கால்களைக் கட்டிக்கொண்டு நிற்பார். இதனை நாங்கள் விளக்கியபோது அச்சிறுவன் திருப்பிக் கேட்டான்: "நீங்க நேரில் பார்த்திருக்கீங்களா சார்?" இல்லை. நாங்களும் திரைப்படத்திலும் நூற்படத்திலும் கண்டவர்களே. அண்டை வீட்டாரின் குதிரை முற்றத்தில் ஆடுகின்றது. நம் குதிரை அச்சுத்தாளில் நிற்கின்றது. முன்னொரு காலத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடந்ததுண்டு. ரதியாகவும் மன்மதனாகவும் வேடமிட்டவர்கள் பால்மரம் சீவிய தொழிலாளர்களே. அவர்களுள் சிலர் இன்றும் நம்மிடையே முதியோராக உள்ளனர். அவர்கள் பாடல்கள் அவர்களோடு போகுமுன் ஒருமுறையேனும் பள்ளி மேடையில் அவர்களை அமர்த்திக் கேட்க வேண்டும் என்பது எங்கள் அவா. வெளியிலிருந்து ஆட்டக்குழு அழைத்து ஆண்டுவிழா நடத்துவதைவிட அது சிக்கனமும் ஆகும்.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். பார்ப்பதோடு நின்றால் இப்பயணத்தால் பெரும்பயன் இல்லை. மறு வாரம் பிரிந்து நின்று பந்தாடினர் என்று மேலே எழுதினோம் அல்லவா? அவர்கள் ஆடியது பள்ளி முற்றத்துச் சிமெண்டுத் தரையில். பள்ளிக்குப் பின்னுள்ள திடலில் அன்று, திடல் நமக்கில்லை. அந்நிலம் தோட்டத்திற்குரியது, பள்ளிக்குரியதன்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், குடும்பங்கள் மாசாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் ஸ்கூடாய்க்கும் பெயர்ந்ததும், திடலில் ஆடுவோர் குறைந்தனர். ஆடுவோர் குறைந்ததும் உர லாரிகள் அங்கே நிற்கத் தொடங்கின. லாரிச் சக்கரத்தின் பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்கின்றது. ஒரு கோல் கம்பம் துருவேறிச் சாய்ந்துள்ளது, மற்றொன்றைக் காணவில்லை. ஒருகாலத்தில் அண்டைத் தோட்டங்களோடு கிண்ணத்திற்காகப் பொருதிய திடல் அது. தலைமையாசிரியர் அறையில் அக்கிண்ணங்களுள் இரண்டு இன்னும் உள்ளன.

நிருவாகத்தை மட்டும் பழித்தல் முறையன்று. பயன்படாத திடல் லாரிக்கு இடமாவதில் வியப்பென்ன? பல ஆண்டுகளாக நாமும் கேட்கவில்லை. இவ்வாண்டு கேட்டோம். லாரிகளை ஆலைப் பக்கம் நிறுத்துவதற்கு மேலாளர் வாய்மொழியாக இசைந்துள்ளார். எழுத்து மூலம் கேட்டுள்ளோம். பள்ளங்களை நிரப்ப ஆறு லாரி மண் வேண்டும். அதையும் நிருவாகமே தரக்கூடும் என்று தெரிகின்றது. மண்ணைப் பரப்பவும் புல் நடவும் கம்பம் ஊன்றவும் ஆட்கள் வேண்டும். அதற்கு ஒரு ஞாயிறு போதாது. மூன்று ஞாயிறுகள் ஆகலாம். உறங்கும் தந்தைமாரை எழுப்பக் கூடாதென்று மேலே எழுதினோம். இப்போது எழுப்பவே வருகின்றோம், பொறுத்தருள்க.

நுழைவுச் சீட்டுச் செலவு மிகுதி எனக் கருதும் பெற்றோருக்கு ஒரு மாற்று வழியும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அரங்கத்திற்குச் செல்வோம். மற்ற மாதங்களில் அண்டைத் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் செல்வோம். பின்னதற்குப் பேருந்துக் கட்டணம் கூட வேண்டா. கடந்த முறை இரண்டு வேன்களும் ஒரு டிராக்டரும் போதுமானவையாக இருந்தன. அடுத்த முறை மாணவியரும் பாட்டிமாரும் சேர்ந்தே வரலாம். பாட்டிமாருக்கு முன்வரிசையில் பாய் விரித்துத் தருகின்றோம்.

வரும் மாதம் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திடல் வேலை தொடங்கும். சடுகுடு ஆடிய அந்த மெலிந்த மனிதர் தம் நண்பர் அறுவரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கின்றார். ராஜாமணியைப் பற்றிக் கேட்டறிந்த மாணவி, சுண்ணாம்புக் கோடிடும் பொறுப்பைத் தனக்குத் தர வேண்டும் என்று எங்களிடம் முன்னதாகவே பதிந்து வைத்திருக்கின்றாள். பள்ளியில் மண்வெட்டி மூன்று உள்ளன. வைத்திருப்போர் தத்தம் மண்வெட்டியைக் கொண்டு வருக. காலைப் பசியாறல் பள்ளியில் உண்டு.